சின்னப் பட்டை

அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் கொஞ்சம் குட்டை. உட்கார்ந்தால் ஆடிக்கொண்டே இருக்கும். ஜன்னல் பக்கத்தில் இருப்பதை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். காபி ஆறிப்போயிருந்தால் சொல்லுங்கள், வேறு போட்டுத் தருகிறேன். என் மனைவி உள்ளே படுத்திருக்கிறாள். உங்களிடம் பேசியதிலேயே களைத்துப் போயிருப்பாள்.

கிளம்ப எழுந்தவரை மறுபடி உட்கார வைக்கிறேனே என்று நினைக்காதீர்கள். காலையிலிருந்து நீங்கள் கேட்ட கேள்விகளில் பெரும்பாலானவை உப்புப் பெறாதவை. பசி எப்படி, தூக்கம் எப்படி, நெஞ்சு படபடத்ததா, எடை குறைந்ததா. வரிசையாகக் கேட்டீர்கள், நானும் வரிசையாகப் பதில் சொன்னேன். பிறகு பேனாவை மூடி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, செருப்பைத் தேடியபடியே ஒன்று கேட்டீர்கள்.

"சார், வீட்ல பிரஷர் பார்த்தப்போ கைல சுத்தற பட்டை எந்த சைஸ் யூஸ் பண்ணீங்க?"

இத்தனை காலத்தில் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. மனநல மருத்துவர் கேட்கவில்லை. அவர் அனுப்பிவைத்த இதய மருத்துவர் கேட்கவில்லை. சுவர் நிறையப் பட்டங்களை மாட்டி வைத்திருக்கும் மனிதர்கள் அவர்கள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நான் வாழ்க்கையில் கேட்ட கேள்விக்குப் பொய் சொன்னவன் இல்லை. இப்போது நீங்கள் கேட்டுவிட்டீர்கள், அதனால் சொல்கிறேன். சின்னப் பட்டை.

பேனாவைத் திறக்க வேண்டாம். முதலில் காதால் கேளுங்கள்.

உங்கள் ஆராய்ச்சி என்னவென்று வந்தவுடனே விளக்கினீர்கள். ஏ.டி.எச்.டி. என்கிற கவனச்சிதறல் கோளாறு இருக்கும் பெரியவர்களுக்கு இந்த ஊக்கி மருந்தைக் கொடுக்கிறோம், பலன் தெரிகிறது, ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் பெரும்பாலும் கொஞ்சம்தான் ஏறுகிறது. ஆனால் வருஷக்கணக்கில் விடாமல் சாப்பிட்டால் இதயம் என்ன ஆகும் என்பது இன்னும் முழுசாகத் தெரியவில்லை, அதனால்தான் சாப்பிட்டவர்களின் வீடு தேடிப் போகிறோம் என்றீர்கள். என் மனைவியை மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களின் பக்கம் சேர்த்திருக்கிறீர்கள். அவளோ அந்த மருந்தை மறுபடி கொடுங்கள் என்று உங்களிடம் கெஞ்சியிருக்கிறாள். கதவு சாத்தியிருந்தாலும் எனக்குக் கேட்டது. அவளுக்குக் கொடுப்பதா வேண்டாமா என்பது இனி நீங்கள் எழுதப் போவதைப் பொறுத்தது, இல்லையா?

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்தேன். கடை கடையாகப் போய்த் தராசைச் சோதித்து முத்திரை போடுகிற வேலை. தராசைத் திருத்தி ஏமாற்றுபவன் முட்டாள், ஒரே நாளில் பிடித்துவிடலாம். கெட்டிக்காரன் தராசைத் தொடவே மாட்டான். அது முத்திரையோடு, சுத்தமாக, சரியாக இருக்கும். அதைக் கொண்டுபோய் மின்விசிறிக்கு நேர் கீழே வைப்பான், காற்று தட்டை அழுத்தும். அல்லது சாய்ந்த மேசையில் வைப்பான். நிறுக்கும்போது வாங்க வந்தவரிடம் பிள்ளைகள் படிப்பைப் பற்றி விசாரிப்பான், அவரும் முள்ளைப் பார்க்காமல் இவன் முகத்தைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருப்பார். கருவி காட்டிய எண் உண்மையானது. வாங்கியவன் ஏமாந்ததும் உண்மை. ஏமாந்தவர்களைப் பார்த்து எனக்கு ஒருநாளும் பரிதாபம் வந்ததில்லை.

என் மனைவியையும் ஒரு சோதனையில்தான் பார்த்தேன். சின்ன ரொட்டிக்கடை வைத்திருந்தாள். இரட்டைத் தட்டுத் தராசு. எடைக்கல் வைக்கிற தட்டின் அடியில் ரொட்டி மாவு காய்ந்து கெட்டியாக ஒட்டியிருந்தது. அதாவது, வாங்க வந்த ஒவ்வொருவருக்கும் கூடுதலாகவே நிறுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். மற்ற கடைக்காரர்கள் எல்லாம் ஊரை ஏமாற்ற, இவள் தன்னையே ஏமாற்றிக்கொண்டு சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தாள். சுரண்டிக் காட்டினேன். "அய்யோ, பார்க்கவே இல்லைங்க" என்றாள். அவள் தலைமுடியிலும் மாவு இருந்தது. இதற்கு ஓர் ஆள் வேண்டும் என்று அப்போதே தோன்றியது. அதைக் காதல் என்று சொல்வதில் எனக்குத் தடை இல்லை.

கல்யாணம் ஆனபின் அவளோடு இருந்தது எப்படியிருந்தது என்று உங்கள் கேள்விகளில் ஓர் இடத்தில் வருகிறது. பொறுமையாக இருந்தேன் என்று பதில் சொன்னேன். பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பக்கத்து அறையில் அலமாரியைக் கலைத்துக்கொண்டிருப்பாள். வீட்டுச் சாவி ஒருமுறை மாவு டப்பாவுக்குள் கிடைத்தது. ஒரு கதையை ஆரம்பித்தால் நடுவில் மூன்று கதைக்குள் புகுந்து, கடைசியில் "நான் என்ன சொல்லிட்டிருந்தேன்?" என்று என்னையே கேட்பாள். நான் சொல்வேன். கடையில் மாவு பிசையும் எந்திரத்துக்கு ஒரு கம்பி மூடி உண்டு, கழுவுவதற்காகக் கழற்றினால் திரும்ப மாட்ட மறந்துவிடுவாள். அலுவலகம் போகிற வழியில் தினமும் கடையில் இறங்கி நான்தான் அதைப் பார்த்து மாட்டிவிட்டுப் போவேன். அவள் வீட்டில் எல்லோரும் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். மாமியாருக்கு நான் மாப்பிள்ளை இல்லை, சாமி. "இந்தக் கிறுக்கச்சிய வச்சு மேய்க்கிறாரே, எந்த ஜென்மத்துப் புண்ணியமோ" என்று என் தட்டில் இரண்டு முறை பரிமாறுவார். அந்த அம்மாளின் அறிவு அவ்வளவுதான். ஆனாலும் கேட்க நன்றாகவே இருந்தது.

பிறகு, அவளுக்கு வயது நாற்பது தொடும் சமயத்தில், கடைக்கு வந்த யாரோ ஒரு புண்ணியவதி, தன் தங்கைக்கும் இப்படித்தான் இருந்தது, அதற்கு ஏ.டி.எச்.டி. என்று பெயர் இருக்கிறது, மருந்து இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. சோம்பேறிக்கும் மறதிக்காரிக்கும் ஆங்கிலத்தில் நாலெழுத்துப் பட்டம் கொடுத்தால் கௌரவம் வந்துவிடுகிறது. போய்விட்டு வரட்டும் என்று விட்டேன். மருத்துவர் இரண்டு மூன்று முறை வரச் சொன்னார், அவளுடைய பள்ளிக்கூடக் காலத்தையெல்லாம் விசாரித்தார், கடைசியில் ஒரு கேப்சூலை எழுதிக்கொடுத்தார்.

மருந்து வேலை செய்தது. இதை உங்கள் காகிதத்தில் தடித்த எழுத்தில் போட்டுக்கொள்ளலாம். முதல் மாதத்திலேயே கதைகளை முடிக்க ஆரம்பித்தாள். வாசற்கதவுக்குப் பக்கத்தில் தானே ஓர் ஆணி அடித்து அதில் சாவியை மாட்டினாள், மறுநாளும் அதே ஆணியில் மாட்டினாள். எந்திரத்தின் மூடியைக் கழுவியவுடன் மாட்டினாள். நான் வழக்கம்போல இறங்கிப் பார்த்தால் அது ஏற்கெனவே மாட்டியிருக்கும். "எதுக்குங்க நீங்க சுத்திக்கிட்டு வர்றீங்க, நான் பார்த்துக்கிறேன்" என்றாள். நன்றியாகத்தான் சொன்னாள். அடுத்த தெருவில் இன்னொரு கடை போட்டாள். வேலைக்கு ஆள் சேர்த்தாள். ரொட்டி சுடும் மாஸ்டர், அதுவரை அவளை ஒரு பொருட்டாகவே மதிக்காதவர், "அம்மா சொன்னா சரியா இருக்கும்" என்று பேச ஆரம்பித்தார். தெருவில் என்னைப் பார்த்து, அதோ ரொட்டிக்கடை அம்மாவோட வீட்டுக்காரர் போறார் என்றார்கள். அதுவரை என்னைக் கண்டால் எழுந்து நின்ற கடைக்காரர்கள் அவர்கள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுமை எனக்குப் பழக்கமான விஷயம். ஆனால் அவளுக்கு ஞாபகம் வர ஆரம்பித்துவிட்டது.

புருஷன் பெண்டாட்டி வாக்குவாதம் எல்லா வீட்டிலும் உண்டு. எங்கள் வீட்டில் அது சீக்கிரம் முடிந்துவிடும். "நீ மறந்துட்டே, நான் சொன்னேன்" என்பேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்படியா, இருக்கும்" என்பாள். சில சமயம் நான் உண்மையிலேயே சொல்லியிருப்பேன். சில சமயம் சொல்லியிருக்க மாட்டேன். குடும்பம் நடத்துவதற்கு அது வசதியாக இருந்தது. இப்போது அவள் என் முகத்தைப் பார்த்து, குரலை உயர்த்தாமல், "இல்லைங்க, போன வாரம் நீங்க வேற மாதிரி சொன்னீங்க" என்றாள். சொன்ன இடத்தையும் சொன்னாள், அப்போது நான் எந்தச் சட்டை போட்டிருந்தேன் என்பதையும் சொன்னாள்.

மாமியார் வீட்டில் ஒரு மத்தியானச் சாப்பாடு. பந்தி மாதிரி எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். என்னிடம் ஒரு கதை உண்டு, என் மனைவி என்னை ரயில் நிலையத்தில் மறந்துபோய் மழையில் நிற்க வைத்த கதை. வருஷத்துக்கு இரண்டு தடவையாவது சொல்லச் சொல்லிக் கேட்பார்கள், ஒவ்வொரு தடவையும் சிரிப்பார்கள், அவளும் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள். அன்றைக்கும் சொன்னேன். முடிக்கிற சமயம் அவள் தலையைக் குனியவில்லை.

"அன்னைக்கு நான் மறக்கலம்மா," என்று தன் அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். "ஆறு மணி வண்டில வர்றேன்னுதான் என்கிட்ட சொன்னார். நாலு மணி வண்டில வந்து எறங்கிட்டார். நான் ஆறு மணிக்குக் குடையோட போனேன். இத்தனை வருஷமா நான்தான் மறந்தேன்னு நினைச்சுட்டிருந்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. மாமியார் குழம்புக் கரண்டியோடு என் பக்கம் வந்தவர், அப்படியே திரும்பித் தன் மகளுக்கு ஊற்றினார். ஒரு கரண்டி குழம்பில் மனிதர்கள் கட்சி மாறிவிடுவார்கள். என் மனைவி என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை என்பதுதான் இதில் மோசம். ஒரு கணக்கைச் சரிபார்ப்பதுபோலச் சொல்லிவிட்டு, அப்பளத்தை உடைத்துச் சாப்பிட ஆரம்பித்தாள்.

அடுத்த தடவை மருத்துவரைப் பார்க்க நானும் கூடப் போனேன். நல்ல மனிதர். எதிரில் இருப்பவர் முகத்தைவிடக் கணினியை அதிகம் பார்ப்பவர். அங்கே அவளுக்கு ரத்த அழுத்தம் சரியாக இருந்தது. இந்த மருந்து நீண்டகாலத்துக்கு நல்லதா டாக்டர், ஏதேதோ கேள்விப்படுகிறோமே என்று நான் கவலையாகக் கேட்டேன். கேட்டது நியாயமான கேள்வி, நீங்களே அதைத்தான் கேட்டுக்கொண்டு அலைகிறீர்கள். அவர் சொன்னார்: "முறையா பிரஷர், பல்ஸ் பார்த்துட்டு வந்தா பயப்பட வேண்டாம் சார். ஒரு மெஷின் வாங்கி வீட்லயும் பாருங்க. நீங்க அளவுத் துறைல இருக்கறவர், உங்களைவிடக் கரெக்டா யார் பார்க்கப் போறாங்க?"

அவர் வாயாலேயே சொன்னார். நான் எதுவும் கேட்டு வாங்கவில்லை.

நல்ல கருவியாகப் பார்த்து வாங்கினேன். கையில் சுற்றுகிற பட்டை மூன்று அளவில் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். மற்றவர்களுக்கு இது புரியாது, உங்களுக்குப் புரியும். பருத்த கைக்குச் சின்னப் பட்டையைச் சுற்றினால் எண் ஏறும். மெலிந்த கைக்குப் பெரிய பட்டையைச் சுற்றினால் இறங்கும். என் மனைவிக்கு மாவு பிசைந்து பிசைந்து உரம் ஏறிய கை. நாடாவை வைத்து அளந்தேன், பெரிய பட்டைதான் அவளுக்குச் சரி. முதல் நாள் முறைப்படி, உட்கார வைத்து, முதுகைச் சாய்த்து, கையை மேசைமேல் நெஞ்சு உயரத்தில் வைத்து, பேசவிடாமல், பெரிய பட்டையைச் சுற்றிப் பார்த்தேன். நூற்று இருபத்திநாலு, எழுபத்தெட்டு. கேப்சூல் போட்டு மூன்று மணி நேரம் கழித்து எடுத்த அளவு அது. மறுநாளும் அதே மாதிரிதான் வந்தது. மருந்து அவளை ஒன்றும் செய்யவில்லை.

மூன்றாம் நாள் சின்னப் பட்டையைச் சுற்றினேன். கையை மேசைமேல் வைக்கச் சொல்லவில்லை, அது பாட்டுக்குத் தொங்கியது. கடையிலிருந்து படியேறி வந்த கையோடு பார்த்தேன். பட்டையில் காற்று ஏறும்போது, நேற்று கடையில் விற்காமல் போன ரொட்டியைப் பற்றிக் கேட்டேன், அவள் கொஞ்சம் சூடாகவே பதில் சொன்னாள். நூற்று ஐம்பத்தெட்டு. அந்த எண்ணில் ஒரு புள்ளிகூட நான் கூட்டவில்லை. கருவி காட்டியதை அப்படியே மருத்துவருக்கு அனுப்பினேன்.

"பட்டை ரொம்ப இறுக்குதுங்க, பிச்சுக்கிட்டு வருது," என்றாள் ஒருநாள்.

"உன் கை அப்படி," என்றேன்.

அதோடு விட்டுவிட்டாள். நான் சொன்ன சொல்லை எல்லாம் சந்தேகிக்கக் கற்றுக்கொண்டவள், நான் அளந்ததைச் சந்தேகிக்கவே இல்லை. கெட்டிக்காரத்தனம் கேப்சூலில் வராது என்று அப்போது தெரிந்தது.

மருத்துவர் குழம்பினார். ஆஸ்பத்திரியில் சரியாக இருக்கிறது, வீட்டில் ஏறியிருக்கிறது. பிறகு அவரே ஒரு விளக்கம் கண்டுபிடித்து மகிழ்ந்துபோனார். சிலருக்கு இப்படி மறைந்திருக்குமாம், அங்கே தெரியாதாம், வீட்டு அளவைத்தான் நம்ப வேண்டுமாம். படித்தவர்களுக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டால் போதும், அதற்குமேல் தோண்ட மாட்டார்கள். இருபத்திநாலு மணி நேரமும் கையிலேயே கட்டிக்கொள்கிற கருவி ஒன்றைப் பற்றிச் சொன்னார். இவள் நாளெல்லாம் மாவுக்குள் கையை விட்டுக்கொண்டிருப்பவள், அது நிற்குமா டாக்டர் என்றேன். அதுவும் சரிதான் என்றார். மருந்தின் அளவைப் பாதியாக்கினார். எண் இறங்கவில்லை. இதய மருத்துவரிடம் அனுப்பினார், அவர் எங்கள் வீட்டு எண்களைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். மருந்தை நிறுத்தினார்கள்.

நிறுத்திய மறுநாளிலிருந்து பெரிய பட்டை. கையை மேசைமேல் வைத்து, முதுகைச் சாய்த்து, பேசாமல். நூற்று இருபத்திரண்டு. மருத்துவர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடாத குறை. "பாருங்க சார், மருந்துதான் காரணம்னு ப்ரூவ் ஆயிடுச்சு. நீங்க இவ்ளோ கவனமா இல்லைன்னா எங்க போய் முடிஞ்சிருக்கும்" என்றார். மாமியாருக்குச் செய்தி போயிற்று. அடுத்த சாப்பாட்டில் முதல் பரிமாறல் எனக்குத்தான்.

அவள் சுலபத்தில் விடவில்லை. அழுதாள். அவள் அழுது நான் அதிகம் பார்த்ததில்லை, முன்பெல்லாம் அழ ஆரம்பித்து நடுவில் வேறு எதையாவது பார்க்கப் போய்விடுவாள்.

"எனக்கு ஒண்ணும் பண்ணலங்க. மாத்திரை போட்டா நல்லாத்தான் இருக்கேன். தலைக்குள்ள சத்தமே இல்லாம இருந்துச்சு, எனக்கு அது வேணும்ங்க."

"நல்லா இருக்கற மாதிரிதான் தெரியும். அதுதான் இதுல ஆபத்து," என்றேன். "எனக்கு நீ வேணும், உன் கடை வேணாம்."

அவள் கெஞ்சலுக்காக இன்னொரு முறை குறைந்த அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். நான் சின்னப் பட்டைக்கு மாறினேன். அதோடு முடிந்தது. அந்த இரண்டாவது சோதனையைத்தான் எங்கள் மருத்துவர் மிக முக்கியமான ஆதாரம் என்று எழுதியிருக்கிறார், நீங்களே காலையில் படித்துக்காட்டினீர்கள். கொடுத்தால் ஏறுகிறது, நிறுத்தினால் இறங்குகிறது, மறுபடி கொடுத்தால் மறுபடி ஏறுகிறது. நான் அதைக் கேட்டு முகத்தை நேராக வைத்துக்கொண்டிருந்தேன்.

வீடு பழையபடி ஆனது. ஆணியில் சாவி இல்லை. இரண்டாவது கடையில் ஒரு கல்யாணத்துக்குச் சொல்லி வைத்த ரொட்டியைச் சுடவே மறந்துவிட்டாள், வந்தவர்கள் கடை வாசலில் நின்று கத்தினார்கள். அந்தக் கடையை மூடினோம். வேலையாட்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். காலையில் எழுந்ததிலிருந்து "ஏங்க, ஏங்க" என்று அவள் குரல் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. நான் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து போவேன். சந்தோஷமாக இருந்தேன் என்று ஒளிக்காமல் சொல்கிறேன்.

நீங்கள் ஏன் காபியைத் தொடவே இல்லை?

மீதியையும் கேட்டுவிடுங்கள். உங்கள் காகிதத்தில் 'விபத்து' என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் 'மருந்து நிறுத்திய பிறகு, தொடர்பில்லை' என்று குறித்துக்கொண்டீர்கள். அது சரியில்லை.

ஒரு காலையில் கடையில் இறங்கியபோது, மாஸ்டர் பக்கத்தில் இருக்கும்போதே அவள் சொன்னாள்: "நான் வேற டாக்டரைப் பார்க்கப் போறேன். ஒரு நாள் முழுக்க அங்கேயே உட்கார்ந்து, அவங்க கையாலயே பிரஷர் பார்க்கச் சொல்லப் போறேன். பேசிட்டேன், வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க." அவள் என்மேல் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. நான் அளந்ததைச் சந்தேகப்படுகிற அளவுக்கு அவள் ஒருநாளும் வளரவில்லை. மருந்தின்மேல் இருந்த ஆசையில் சொன்னாள். ஆனால் மருந்து இல்லாமலேயே, தானாக ஒரு டாக்டரைத் தேடிப் பிடித்து, நாள் குறித்து, அதை மறக்காமலும் இருந்தாள் என்பது எனக்குப் பிடிக்கவில்லை. நல்லது, போய்ப் பார்ப்போம் என்றேன்.

திரும்பும்போது எந்திரத்தைப் பார்த்தேன். கம்பி மூடி கழுவிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தது, தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. எத்தனையோ காலையில் நான் எடுத்து மாட்டிய மூடி. அன்றைக்கு மாட்டவில்லை. ஒருநாள் மாட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்று அவளும் தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன். மாவு தெறிக்கும், மாஸ்டர் திட்டுவார், நான் எதற்காகத் தினமும் வந்துபோகிறேன் என்று அவளுக்கு உறைக்கும். அதற்குமேல் நான் நினைக்கவில்லை என்றுதான் எனக்கு ஞாபகம்.

அலுவலகத்தில் உட்கார்ந்து அவளுக்குப் போன் செய்தேன். வழக்கமாகச் செய்வதுதான், அடுப்பை அணைத்தாயா, கதவைப் பூட்டினாயா என்று கேட்பேன். அந்த நேரத்தில் எந்திரம் ஓடும் என்பது எனக்குத் தெரியும். ஓடும்போதே ஓரத்தில் ஒட்டிய மாவைக் கையால் வழித்துவிடுகிற பழக்கம் அவளுக்கு இருந்தது என்பதும் தெரியும். அந்தக் கடையில் எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. இடது கையால் போனை எடுத்து, "சொல்லுங்க" என்றாள். அதற்குப்பின் அவள் சொன்னது வார்த்தை இல்லை. நான் போனை வைக்கவில்லை. மாஸ்டர் ஓடிவந்து எந்திரத்தை நிறுத்தும்வரை கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

வலது கை, முழங்கைக்கு மேலேயே எடுக்க வேண்டியதாயிற்று. வெள்ளிக்கிழமை அவளால் எங்கேயும் போக முடியவில்லை. அதற்கு முன் நான் எப்போதும் வலது கையில்தான் பட்டையைச் சுற்றிவந்தேன். இப்போது இடது கையில் பார்க்கிறேன். அந்தக் கை மெலிந்துவிட்டது, சின்னப் பட்டையே சரியாக இருக்கிறது.

இப்படிப் பார்க்காதீர்கள். நீங்கள் படித்தவர். யோசித்துப் பாருங்கள், இதில் எது குற்றம்? பட்டை மாற்றிச் சுற்றுவது எந்தச் சட்டத்தில் வருகிறது? பெண்டாட்டிக்குப் போன் செய்வது எந்தச் சட்டத்தில் வருகிறது? நீங்கள் போலீசிடம் போகலாம், தடுக்கவில்லை. என் மாமியார் வந்து என் சார்பில் சாட்சி சொல்வார். என் மனைவியும் சொல்வாள். விபத்துக்குப்பின் அவளுக்குத் தலைவாரி விடுவது யார், ரவிக்கைக்குக் கொக்கி மாட்டுவது யார் என்று கேட்டுப் பாருங்கள். காலையில் உங்களிடம் என்னைப் பற்றி என்ன சொன்னாள்? எனக்குத் தெரியும், அதுவும் கேட்டது. இவர் இல்லன்னா நான் எப்பவோ செத்திருப்பேன் என்றாள்.

நான் இவ்வளவையும் சொன்னது உங்கள் ஆராய்ச்சிக்காக. தப்பான அளவு ஒன்று எங்கேயோ பதிவாகி நிற்பதை என்னால் தாங்க முடியாது, அது என் தொழில். அவளை அந்தப் பக்கத்திலிருந்து எடுத்து இந்தப் பக்கத்தில் சேர்த்துவிடுங்கள். மருந்து அவளுக்கு ஒத்துக்கொண்டது என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் மறுபடி ஆரம்பிக்க வேண்டாம். அவள் உடம்பு இப்போது இருக்கிற நிலையில், இதயத்துக்கு அது நல்லதில்லை. கூடவே இருந்து பார்ப்பவன் நான், எனக்குப் பயமாக இருக்கிறது.

கேட்கிறதா? எழுந்துவிட்டாள். "ஏங்க, என் கண்ணாடியைக் காணோம், பார்த்தீங்களா?" என்கிறாள். தலையணைப் பக்கத்தில்தான் வைத்ததாக ஞாபகமாம். பாவம், அவள் ஞாபகம் உங்களுக்குத் தெரியாததா.

உட்காருங்கள், எழுந்து போய் உதவ வேண்டாம். கண்ணாடி என் சட்டைப் பையில் இருக்கிறது. கொஞ்ச நேரம் தேடட்டும், அப்புறம் நானே போய்க் கண்டுபிடித்துக் கொடுப்பேன்.